விரத நாளில் முளைத்த மல்லாட்டை

பரிசோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய மேலாளர் கேட்டார். "உங்க அனுபவத்துலேர்ந்து எழுதுங்க சார். கொஞ்சம் ஊக்கமா இருக்கட்டும்" என்றார். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் நடைமுறைக் கையேட்டின் எல்லாப் பிரிவுகளும் எனக்கு மனப்பாடம். வீட்டில் யாராவது தேங்காய் வாங்கி வந்தால், எந்த மூட்டையிலிருந்து, மேலிருந்தா அடியிலிருந்தா என்று கேட்கிறேன். அதனால் இப்போது தேங்காய் வாங்க என்னையே அனுப்புகிறார்கள். கையேட்டை நீங்களே படித்துக்கொள்ளலாம். அதில் இல்லாத ஒன்றை, அதுவும் நானே செய்த ஒன்றை, எழுதுகிறேன்.

நம் வேலை இன்னதென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விதை நிறுவனத்துக்காக விவசாயிகள் விளைவித்துத் தரும் நிலக்கடலை, அதாவது நம் பக்கத்து மல்லாட்டை, விதைக்கத் தகுதியா இல்லையா என்று சொல்ல வேண்டும். குவியல் முழுவதையும் முளைக்கவைத்துப் பார்க்க முடியாது. பார்த்தால் விதைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கொஞ்சம் எடுத்து, உரித்து, நானூறு பருப்பை ஈரமணலில் வைத்து, பத்து நாள் கழித்து எண்ணுகிறோம். நூற்றுக்கு எழுபது முளைத்தால் விதை. அதற்குக் கீழே போனால் எண்ணெய்ச் செக்கு.

உள்ளே வரும் ஒவ்வொரு மாதிரியும் 'இது நல்ல கடலை' என்ற அனுமானத்தோடு வருகிறது. புள்ளியியலில் இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது நம்மைக் கடிக்காது. நல்ல கடலையைக் கெட்டது என்று தள்ளினால் முதல் வகைப் பிழை. கெட்ட கடலையை நல்லது என்று ஏற்றால் இரண்டாம் வகைப் பிழை. இது கடலைக்கு மட்டுமல்ல. பௌர்ணமிக் கூட்டத்தில் நம் பேருந்து நிலையத்தில் ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். மனைவி வழி உறவினரை யாரோ என்று நினைத்துக் கடந்துபோவது ஒரு பிழை. யாரோ ஒருவரை உறவினர் என்று நினைத்து வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போடுவது இன்னொரு பிழை. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். இரண்டாவதில் வந்தவர் மூன்று நாள் தங்கினார்.

அப்போது கூடம் செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் இஞ்சி டீ குடிக்கும் ஒரு கடைக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் மூன்று பேர். நான் பொறுப்பு அலுவலர். கஸ்தூரியும் முருகேசனும் உதவியாளர்கள். மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரிப்போம். பேச்சு நடக்கும், வேலையும் நடக்கும்.

ஒரு நாள் முருகேசன் தினசரிக் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். பல தாள்களில் பேனாவால் வட்டம் போட்டிருந்தான்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுப்பேன். சொல்லு."

"பிரதோஷத்தன்னிக்கு ஒரிச்ச மல்லாட்ட ஒண்ணுகூட ஃபெயில் ஆவல சார். கிருத்திகைக்கும் அப்டித்தான், பௌர்ணமிக்கும் அப்டித்தான். மத்த நாள்ல பாருங்க, மூணுக்கு ஒண்ணு வுழுது."

கஸ்தூரி நிமிராமலே சொன்னாள்: "அண்ணாமலையாருக்கு உகந்த நாளு. மொளைக்காம இன்னா பண்ணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். படித்தவனாயிற்றே, கணக்குப் போட்டேன். விரத நாட்களில் உரித்த மாதிரிகள் மொத்தம் பதினொன்று தேறின. மற்ற நாட்களோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் இருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் வரக்கூடியதுதான் என்று சொல்வதற்கான எல்லைக் கோட்டை ஒரு மயிரிழையில் தாண்டவில்லை. உடனே பலகையில் ஒட்டினேன்: 'விரத நாளுக்கும் முளைப்புக்கும் தொடர்பு இல்லை என்பது புள்ளியியல் முறைப்படி நிரூபிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் தேதியும் முத்திரையும் மட்டும்தான் சரி. பதினோரு மாதிரியை வைத்துக்கொண்டு நான் நிரூபித்தது, எனக்குத் தெரியவில்லை என்பதை. 'தெரியவில்லை' என்பதற்கு முத்திரை குத்தினால் அது 'இல்லை' ஆகிவிடும் என்று நினைத்தேன். சொன்ன காரணம் அசட்டுத்தனமாக இருந்ததால், சொன்ன விஷயமும் பொய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

செய்தி வெளியே போனது. என் அறிவிப்பு போகவில்லை, முருகேசனின் காலண்டர் போனது. விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் விரத நாட்களின் பட்டியலே சுற்றியது. பிரதோஷத்தன்று காலையில் எங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, உள்ளே நந்தி இருக்கிறதோ என்று இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். தொலைபேசியிலும் அதே கதை.

"சார், நம்மளுத கிருத்திகைல போட்டுடுங்க."

"வரிசைப்படிதான் போடுவோம்."

"அப்ப வரிசையில கடைசியா வெய்ங்க சார். கிருத்திகைக்கு இன்னும் ஒம்போது நாள் கீது, நான் காத்துக்கினு இருக்கேன்."

வந்த வரிசையில்தான் சோதனை என்று கண்டிப்பாக நின்றேன். நடுநிலைமையாக இருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வரிசையில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் மாட்டியது வளர்மதியின் மாதிரி. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். முதல் முறையாகத் தன் பெயரிலேயே விதைக்கடலை போட்டவள். பத்து நாள் கழித்து எண்ணினோம். நூற்றுக்கு அறுபத்தாறு. தகுதியில்லை என்று கடிதம் போனது.

கடிதம் கிடைத்த மறுநாள் காலை முதல் பேருந்திலேயே வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை. அதை என் மேசைமேல், என் கோப்புகளுக்கு மேல் வைத்தாள். உள்ளே மண், மண்ணில் வரிசையாகக் கடலைச் செடிக் குருத்துகள்.

"மாதிரி குடுத்தப்பவே நானும் வூட்ல அம்பது போட்டேன் சார். நாப்பது மொளச்சிருக்குது. எண்ணிக்குங்க."

"அம்மா, வீட்டுல செய்யறதுக்கு முறை கிடையாது. மண்ணு சுத்தம் பண்ணணும், ஈரம் இவ்வளவுன்னு இருக்கணும்..."

"முறையில்லாத எடத்துலயே நாப்பது வந்துருக்குது. முறையா செஞ்ச எடத்துல ஏன் சார் கம்மியாச்சு?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. ஆகவே கையேட்டிலிருந்து வேறு ஒன்றைச் சொன்னேன். மறுசோதனை ஒன்றுக்கு அவளுக்கு உரிமை உண்டு, அவளும் கூட இருந்து பார்க்கலாம், அதன் முடிவே கடைசி.

"கடைசின்னா?"

"அதுலயும் வுழுந்தா சரக்கு செக்குக்குப் போவும். உங்க பேரு விதை போடறவங்க பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க."

கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்க தெருவுல நாலு பொம்பளைங்க அடுத்த போகத்துக்கு என்ன நம்பி பேரு குடுத்துக்கிறாங்க. எம்பேரே இல்லன்னா அவங்களுக்கு நான் இன்னா சொல்றது?" என்றாள்.

கஸ்தூரிக்கு மனது கேட்கவில்லை. "சனிக்கிழம பிரதோஷம் வருது. மூணு நாள் பொறுத்துப் போட்டா..." என்றாள்.

நான் மறுப்பதற்குள் வளர்மதியே மறுத்துவிட்டாள். "எந்த நாளா இருந்தா இன்னாக்கா? மொளைக்கிற மல்லாட்ட எந்த நாள்லயும் மொளைக்கும். இன்னிக்கே போடுங்க." அன்று புதன்கிழமை.

ஒவ்வொரு மாதிரியையும் மூன்று பைகளாகப் பிரித்து வைப்பது நம் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். முதல் பை சோதனைக்கு, இரண்டாவது மறுசோதனைக்கு, மூன்றாவது மேலாளரின் பீரோவில் முத்திரையோடு இருக்கும். இரண்டாவது பையைப் பிரித்து மேசையில் கொட்டினோம். மூவரும் உரிக்க உட்கார்ந்தோம். வளர்மதி எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். காலி ஓடுகளை எடுத்து மேசை விளிம்பில் மூன்று வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் கைக்கு ஏதோ வேலை வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முருகேசன் தன் மச்சான் வாங்கிய பழைய காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"சரி, எண்ணலாம்" என்றேன்.

"நான் எண்ணிட்டேன் சார்" என்றாள் வளர்மதி. முதல் வரிசையைத் தொட்டாள். "இது உங்களுது. அறுவத்தி மூணு. இது அந்த அண்ணனுது, எழுவத்தி ஒண்ணு. இது அக்காவுது, அம்பத்தி ரெண்டு."

"என்னது?"

"தின்னது."

முருகேசன் இன்னும் மென்றுகொண்டிருந்தான். அதையும் பாதியில் நிறுத்தினான்.

"நானா? நான் தின்னவே இல்லையே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வளர்மதி என் சட்டையைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மார்பு முழுவதும் சிவப்பாகக் கடலைத் தொலி.

"எம்மல்லாட்டைய எனக்கே எதிரா சாட்சி சொல்ல வெச்சுட்டு, சாட்சிய தின்னுக்கினும் இருக்கீங்களே சார்!"

"மீதியத்தாம்மா திங்கறோம்" என்றாள் கஸ்தூரி, அழாத குறையாக. "பையில அறுநூறு பருப்பு இருக்கும். டெஸ்ட்டுக்கு நானூறுதான. மீதி எப்டியும் குப்பைக்குத்தான் போவும்."

எட்டு வருடமாக எங்கள் மூவரின் மனத்திலும் இருந்த நியாயம் இதுதான். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது. எண்ணிய பிறகு மிஞ்சியதை நாங்கள் தின்னவில்லை. எண்ணுவதற்கு முன்பே தின்றோம். மனிதன் சூம்பிப்போன பருப்பையா பொறுக்கித் தின்பான்? கொழுத்ததாகப் பார்த்து இருநூறை வாயில் போட்டுக்கொண்டு, மிஞ்சிய நானூறை மணலில் வைத்து, 'இந்தக் கடலை சரியாக முளைக்கவில்லை' என்று முத்திரை குத்தியிருக்கிறோம்.

காலண்டரும் உடனே விளங்கிவிட்டது. பிரதோஷம், கிருத்திகை, பௌர்ணமி என்று எந்த விரதத்தையும் கஸ்தூரி விடமாட்டாள். முருகேசனும் அப்படித்தான். என் வீட்டில் அன்றைக்கு அடுப்பு மாலைக்கு முன் எரியாது, ஆகவே நானும் விரதம். எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாரும் கேட்டதுமில்லை. அந்த நாட்களில் மூவர் வாயும் மூடியிருந்தது. மல்லாட்டை தன் பாட்டுக்கு முளைத்தது. வித்தியாசம் உண்மையாகவே இருந்தது. அதை இல்லை என்று நிரூபித்த அறிவிப்பு என் தலைக்கு மேல் பலகையில் இருந்தது.

ஆக, ஒரே மேசையில் இரண்டு பிழைகள். நல்ல சரக்கைத் தள்ளியது ஒன்று. இருந்த வித்தியாசத்தை இல்லை என்றது மற்றொன்று. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இப்படி ஓர் உதாரணத்துக்கு வருடக்கணக்காக யோசிப்பார்கள். நாங்கள் தின்றே உண்டாக்கிவிட்டோம்.

"எங்கள முன்னாடியே தடுத்திருக்கலாமே" என்று கேட்டேன்.

"மொதல்ல பசி போலன்னு வுட்டேன். அப்பறம், எவ்ளோ தூரம்தான் போவுது பாக்கலாம்னு வுட்டேன்."

அவளுடைய கடைசி வாய்ப்பும் எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது. மிஞ்சியது மேலாளரின் பீரோவில் இருந்த மூன்றாவது பை. அதைத் திறக்க ஒரே வழிதான் உண்டு. முந்தைய சோதனை ஏன் செல்லாது என்று பொறுப்பு அலுவலர் பதிவேட்டில் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியல் கையேட்டிலேயே இருக்கிறது: ஈரம் பட்டது, முத்திரை உடைந்தது, எலி கடித்தது. மார்கழிப் பட்டத்துக்கான விதை மூட்டை கட்டும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முளைக்கவே பத்து நாள் வேண்டும். யோசிப்பதற்கு அதிக நேரமில்லை.

"எலின்னு போட்டுடுங்க சார்" என்றான் முருகேசன் மெதுவாக.

"எலிக்கு சட்டப் பாக்கெட்டு இருக்குதாண்ணா?" என்றாள் வளர்மதி. அவன் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதிலும் ஒரு பிடி இருந்தது.

ஆனாலும் எலி எனக்குப் பிடித்திருந்தது. எழுதலாமென்று பேனாவைத் திறந்தும்விட்டேன். எலி என்றால் மூன்றாவது பை திறக்கும், வளர்மதிக்கு நியாயம் கிடைக்கும், எனக்கும் அவமானமில்லை. எல்லோருக்கும் நல்லது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எலி ஒரு நாள்தான் வந்திருக்க முடியும். நாங்கள் எட்டு வருடமாகத் தினமும் வந்திருக்கிறோம்.

இளையவர்களே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கெட்ட விதையை நல்லது என்று அனுப்பினால், அது முளைக்காத வயலிலிருந்து ஒருவர் கோபமாக வருவார், பிழை தெரிந்துவிடும். நல்ல விதையைக் கெட்டது என்று தள்ளினால் அது செக்குக்குப் போய் எண்ணெயாகிவிடும். எண்ணெய் முளைத்து வந்து யாரிடமும் புகார் சொல்லாது. அதனால்தான் எட்டு வருடம் எங்கள்மேல் ஒரு புகாரும் இல்லை. அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தார்கள். எலி என்று எழுதினால் அந்த ஒரு சோதனை மட்டும் ரத்தாகும். தள்ளப்பட்ட மற்றவர்கள் தள்ளப்பட்டவர்களாகவே இருப்பார்கள்.

எழுதினேன்: 'மாதிரியின் ஒரு பகுதி, எண்ணுவதற்கு முன், பொறுப்பு அலுவலராலும் உதவியாளர்களாலும் உண்ணப்பட்டது. இது வழக்கமாக நடந்துவந்தது.'

அன்றைய மேலாளர் அதை மூன்று முறை படித்தார். "பத்து மாசத்துல ரிட்டயர் ஆவப்போறீங்க. எதுக்கு சார் இதெல்லாம்? எலின்னு எழுதினா, எலி வந்து இல்லன்னு சொல்லப்போவுதா?"

"எலி சொல்லாது சார். அந்தம்மா சொல்லும்" என்றேன். வளர்மதி கதவருகே நின்று தலையாட்டினாள். மேலாளர் பீரோவைத் திறந்தார்.

மறுநாள் வியாழன். வளர்மதி ஒரு பெரிய தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டையோடு வந்தாள். "மொதல்ல இத்த தின்னு முடிங்க. அப்பறம் அத்த தொடுங்க" என்றாள். மூவரும் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையாக உட்கார்ந்து தின்றோம். இனி ஒன்றுகூட இறங்காது என்று ஒவ்வொருவரும் வாயால் சொன்ன பிறகே பையைப் பிரிக்கவிட்டாள். பத்தாம் நாள் எண்ணினோம். எழுபத்தொன்பது.

அவள் குதிக்கவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "மத்தவங்களுது?" என்று கேட்டாள்.

பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பருவத்தில் தள்ளியவை வளர்மதியுடையது போக ஐந்து. எல்லாமே சாதாரண நாட்கள். மூன்று செக்கில் அரைபட்டுவிட்டன. அந்த மூன்று பேருக்கும் நானே நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் நாற்காலி போட்டார், இருவர் போடவில்லை. முந்தைய வருடங்களைப் பற்றி எழுத எனக்கு இங்கே கை வரவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரின் மூட்டைகள் கிடங்கிலேயே கிடந்தன. அவற்றின் மூன்றாவது பைகளை எடுத்தோம். யாராவது காவலுக்கு உட்கார வேண்டும் என்று அந்த விவசாயிகள் கேட்டார்கள். வளர்மதியே இரண்டு நாளும் வந்து உட்கார்ந்தாள்.

இடையில் கஸ்தூரி ஒருமுறை கேட்டாள்: "விரத நாள்ல நம்மள தின்னாம தடுத்தது யாரு சார்? அண்ணாமலையார்தான?" இதை மறுக்கப் போதுமான மாதிரிகள் என்னிடம் இல்லை. பலகையிலிருந்த அறிவிப்பைக் கிழித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் மூட்டை எழுபத்துநாலு வாங்கித் தேறியது; மூட்டை கட்டும் நாள் தாண்டிவிட்டதால் அடுத்த பட்டத்துக்கு வைத்தார்கள். இரண்டாவது, வளர்மதியின் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. அறுபத்தொன்று. உண்மையாகவே சுமாரான கடலை. அறுவடையில் மழை பிடித்திருக்க வேண்டும். முடிவைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"தின்னாங்களாம்மா?"

"இல்ல மாமா. நான் கண்ண எடுக்கல. ஒண்ணுகூட வாய்க்குப் போவல."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.